அடிச் சத்தம்

ஃபெரிப் படகிலிருந்து மோட்டார் சைக்கிளை இறக்கிக்கொண்டு பினாங்குத் தீவின் பெங்காலான் வெல்ட் சாலைக்குள் நுழைந்தபோது, மோனிக்காவின் முன்கூடையில் ஒரு பூசணிக்காயும், செலரித் தண்டு சில கட்டுகளும், காலையில் பாசாரில் வாங்கிய தோலுரித்த முழுக்கோழி ஒன்றும் இருந்தன. பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

அவை ஒரு மனிதனை அடித்து நொறுக்குவதற்காக வாங்கியவை.

மோனிக்கா புக்கிட் தெங்காவிலிருந்து தினமும் கடலைத் தாண்டி வந்து, ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் திரைப்படமும் தொலைக்காட்சியும் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டு. அவள் வகுப்பில் எல்லோருக்கும் கேமராவுக்குப் பின்னால் நிற்கத்தான் ஆசை. அவளுக்கு மட்டும் சத்தத்தின் மேல் பைத்தியம். மழை தகரத்தில் விழுவதற்கும் ஓட்டில் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். கேட்கிறவர்கள் நழுவிவிடுவார்கள்.

நழுவாதவன் தனேஷ் ஒருவன்தான். சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தவன், ஒல்லி, எதைப் பற்றியும் அவசரம். ஆண்டு இறுதிக்காக அவர்கள் சேர்ந்து எடுத்த குறும்படத்துக்கு அவன் இயக்குநர், அவள் ஒலி. மோட்டார் திருடியவன் என்று சந்தேகப்பட்டு ஒருத்தனை ஊரே கூடி அடிக்கிறது, அதுதான் கதை. பிறை ஊரில் ஒரு தொழிற்சாலைச் சாலை ஓரத்தில் படம் பிடித்தார்கள். படம் நன்றாக வந்தது. சத்தம் முழுவதையும் லாரிகள் விழுங்கிவிட்டன.

கணினியில் கிடைத்த தயார்ச் சத்தங்களை ஒட்டிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் சுகுமாரன் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடி விழுது. ஆனா அடியில வலி இல்லப்பா" என்றார்.

வகுப்பு சிரித்தது. தனேஷ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கல்லூரி இருந்தது ஒரு காலத்தில் மூட்டைகள் அடுக்கிய பழைய கிடங்கில். முன்பக்கத்தைக் கண்ணாடியும் வெள்ளைச் சாயமுமாக மாற்றிவிட்டார்கள். பின்பக்கம் பெரும்பாலும் பழையபடியே கிடந்தது. அதன் கடைசி அறைதான் சத்தம் சேர்க்கும் அறை. திரையில் படத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே, நடையையும் அடியையும் துணியின் சரசரப்பையும் கையால் புதிதாக உண்டாக்கிப் பதிவு செய்யும் இடம். கோழியைக் குத்தினால் சதையில் விழும் குத்து. செலரித் தண்டை முறித்தால் எலும்பு. ஈர ஜீன்ஸ் சுற்றிய பூசணிக்காயை இரும்புக் குழாயால் அடித்தால் மனிதனின் முதுகு. இப்போதெல்லாம் எல்லாம் கணினியிலேயே கிடைப்பதால் அந்த அறைப் பக்கம் யாரும் போவதில்லை. அப்படித்தான் மோனிக்கா நினைத்திருந்தாள்.

கருவிகளுக்குப் பொறுப்பான இஸ்மாயில் அண்ணன் பூட்டைத் திறந்துவிட்டார். ஐம்பதைக் கடந்தவர், எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பவர். அன்று பாடவில்லை. கதவைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"லைட்டு சுவிட்ச் வலது பக்கம், தங்கச்சி. வேலைய முடிச்சிட்டு சீக்கிரம் வந்துருங்க. நான் ஆபிஸ்லதான் இருப்பேன்."

"உள்ள வந்து மைக் மட்டும் செட் பண்ணிக் குடுங்கண்ணே" என்றான் தனேஷ்.

"நீங்களே பண்ணிக்குங்க தம்பி. தெரியாதா என்ன?"

போய்விட்டார்.

உள்ளே ஜன்னல் இல்லை. சுவர்களில் கறுப்புப் பஞ்சு மெத்தை. தரை மட்டும் பழைய கிடங்கின் சிமெண்டுத் தரை, வழவழவென்று தேய்ந்து, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. ஒரு மூலையில் கண்ணாடி வைத்த சின்னப் பதிவறை. கதவை மூடியதும் வெளியில் இருந்த உச்சிவெயிலும், வண்டிகளின் இரைச்சலும், பக்கத்துக் கடையின் வானொலியும் ஒரே வெட்டில் அறுந்துபோயின. மோனிக்காவுக்குத் தன் இதயத் துடிப்பு கேட்டது. அப்புறம்தான் வாசனை வந்தது. நனைந்த சாக்கைப் பிரித்தால் வருமே, அந்த வாசனை. அதற்கடியில் கிராம்பு. அதற்கும் அடியில் துருப்பிடித்த ஏதோ ஒன்று.

"ஏதோ நாத்தம் அடிக்குதுல்ல?" என்றாள்.

"உன் கோழிதான்லா" என்று சொல்லிவிட்டுத் தனேஷ் பதிவறைக்குள் போனான்.

முதலில் காலடிகள். சரளைக்கல் தட்டின் மேல் செருப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கூட்டம் ஓடிவரும் சத்தத்தை உண்டாக்கினாள். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. கையைப் பார்க்கக் கூடாது. கண் திரையில்தான் இருக்க வேண்டும். அவளுக்கு அது இயல்பாக வந்தது. திரையில் இருந்தவர்களின் உடம்பு அவள் உடம்புக்குள் புகுந்துகொண்டது போல் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தனேஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு குத்துகள். ஈரத் துண்டில் சுற்றிய கோழியை மேசையில் வைத்து முஷ்டியால் குத்தினாள். சளக். சளக். சளக். தனேஷ் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினான். இருவரும் தலையில் மாட்டியிருந்த காதொலியில் கேட்டார்கள்.

ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் இன்னொரு குத்து இருந்தது.

"எக்கோ" என்றான் தனேஷ்.

"சுவரெல்லாம் பஞ்சுடா. எக்கோ எப்படி வரும்?"

அவன் மறுபடி போட்டான். குத்து, அதன் பின்னால் தூரத்தில் இன்னொரு குத்து, அதன் பின்னால் ஒரு மூச்சு. உள்ளே இழுத்த மூச்சு. வயிற்றில் அடி வாங்கியவன் இழுக்கும் மூச்சு.

"நீதான் மூச்சு வாங்கியிருக்க" என்றான்.

"நான் இல்ல."

"எவ்வளவு நல்லா இருக்கு பாரு மோனிக்கா." அவன் முகம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கண்கள் மின்னின. "இதத்தான் அவரு கேட்டாரு. அடுத்தது எலும்பு. வா, வா."

மோனிக்கா செலரித் தண்டை எடுத்தாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இவள் செய்த சத்தம் என்று ஒருநாள் யாராவது தன்னைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இத்தனை நாள் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தாள். திரையில் ஒருவன் தரையில் கிடந்தவனின் கையைப் பிடித்துத் திருகினான். அவள் தண்டை இறுகப் பிடித்தாள்.

அவள் முறிப்பதற்கு முன்பே காதொலியில் முறிந்தது.

கனமான சத்தம், செலரியில் வராத சத்தம். அதன் பின்னால், காதுக்கு மிக அருகில், எச்சிலும் இரத்தமும் நிறைந்த வாயிலிருந்து ஒரு குரல்.

"நான் எடுக்கலண்ணே..."

மோனிக்கா காதொலியைப் பிடுங்கி எறிந்தாள். "டேய்! விளையாடாத!"

"நான் ஒன்னும் பேசல." தனேஷின் குரல் நடுங்கியது. அது பயத்தால் அல்ல என்பது அவளுக்கு உடனே புரிந்தது. "எனக்கும் கேட்டிச்சு. ரெக்கார்ட் ஆயிருக்கு."

"நான் போறேன். எல்லாத்தையும் ஆஃப் பண்ணு."

அவன் பதிவறையிலிருந்து ஓடிவந்து அவள் முன்னால் நின்றான். கைகளைக் கூப்பாத குறை.

"ஒரே ஒரு டேக். குழாய் சீன் மட்டும். இந்த மாதிரி எந்த லைப்ரரியிலயும் கிடைக்காதுலா. நம்ம படத்துக்குன்னே வந்திருக்கு."

"எது வந்திருக்கு, தனேஷ்? யார் அது?"

"யாரா இருந்தா என்ன? செத்துப் போனவன் நம்மள என்ன பண்ணிரப் போறான்? பாவம், அடி வாங்குனவன்தானே?"

அதுதான் அவளைச் சம்மதிக்க வைத்தது. அடி வாங்கியவன்தானே. அவன் அடிக்க மாட்டான்.

அடித்தவர்களைப் பற்றி இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பூசணிக்காயில் ஈர ஜீன்ஸைச் சுற்றித் தரைக் குழியில் வைத்தார்கள். குரல் சன்னமாக இருந்ததால் மைக்கைக் கையிலேயே பிடித்துக்கொள்கிறேன் என்று தனேஷ் அவளருகில் மண்டியிட்டு உட்கார்ந்தான். மோனிக்கா காதொலியை மாட்டிக்கொண்டு இரும்புக் குழாயை எடுத்தாள். விளக்கை அணைத்தார்கள். திரை மட்டும் ஒளிர்ந்தது.

கண் திரையில்.

திரையில் குழாய் உயர்ந்தது. அவள் கை உயர்ந்தது. இறங்கியது.

தொப்.

திரையில் மறுபடி. தொப்.

கிராம்பு வாசனை திடீரென்று மூக்கை அடைத்தது. காதொலியில் மூச்சுகள் கேட்டன. ஒருவருடையது அல்ல. வேலை செய்து களைத்த ஆண்களின் மூச்சுகள், அவளைச் சுற்றி, நெருக்கமாக. யாரோ இருமினார்கள். யாரோ எச்சில் துப்பினார்கள். நிதானமான, வயதான ஒரு குரல் கேட்டது. "எங்க வச்ச?"

தொப்.

"சொல்லு. எங்க வச்ச?"

திரையில் காட்சி முடிந்தது. படம் நின்று அறை முழுவதும் இருண்டது.

சத்தம் நிற்கவில்லை.

தொப். தொப். இப்போது ஈரமாக. இப்போது உள்ளே ஏதோ நொறுங்கி. அவள் நிறுத்த நினைத்தாள். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கத்த நினைத்தாள். வாய் யாருடையதோ போல் மூடிக்கிடந்தது. முகத்தில் சூடாக எதுவோ தெறித்தது. பூசணிக்காயில் சூடு இருக்காது என்று எங்கோ ஒரு மூலையில் அவள் மனம் சொன்னது.

அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே போய் சுவிட்சைத் தட்டினாள்.

பூசணிக்காய் சுவரோரம் உருண்டு கிடந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

தரைக் குழியில் தனேஷ் கிடந்தான்.

கீழ்த்தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. ஒரு கண் இருந்த இடம் வீங்கி மூடிக் கறுத்திருந்தது. மைக்கைப் பிடித்திருந்த கையின் விரல்கள் போகக் கூடாத திசைகளில் போயிருந்தன. சிமெண்டுத் தரையில் பற்கள் சிதறிக் கிடந்தன. அவன் நெஞ்சு ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளிருந்து கொழகொழவென்று சத்தம் வந்தது. அதை உண்டாக்க என்ன வேண்டும் என்று மோனிக்காவின் மூளை தானாக யோசித்தது. அவள் வாந்தியெடுத்தாள்.

குழாய் அவள் கையில் இருந்தது. முழங்கை வரைக்கும் இரத்தம்.

அவள் அலறிய அலறலில் இஸ்மாயில் அண்ணன் ஓடிவந்தார். அப்போதுதான் முதல்முறையாக அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். தனேஷைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு யாருமில்லாத இருட்டு மூலையைப் பார்த்து, "போதும். விட்டுருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் தனேஷின் அம்மா மோனிக்காவின் முடியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்து, "ஏன்டி? என் புள்ள உனக்கு என்னடி பண்ணான்?" என்று கேட்டார். போலீஸ்காரர் வந்துதான் பிரித்தார். மோனிக்கா தடுக்கவில்லை. இன்னும் அடிக்க மாட்டாரா என்றிருந்தது.

லாக்கப்பில் அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையா? ஈயைக்கூட அடிக்காமல் விரட்டிவிடுகிற கையா? குழாயில் அவள் கைரேகை மட்டும்தான் இருந்தது. தாழ்வாரக் கேமராவில் அவர்கள் இருவரும் உள்ளே போனது மட்டும்தான் பதிவாகியிருந்தது. அன்று செய்த பதிவை இன்ஸ்பெக்டர் அவளுக்குப் போட்டுக் காட்டினார். குரல் இல்லை, மூச்சுகள் இல்லை. அடிச் சத்தம் மட்டும் இருந்தது. தனேஷ் ஒரு முறைகூடக் கத்தவில்லை.

"இவ்வளவு அடி வாங்கியும் ஏன் கத்தல?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார். இன்னொன்றும் கேட்டார். தனேஷின் மணிக்கட்டுகள் இரண்டிலும் கயிறு இறுகிய தடம் இருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார், கயிறு எங்கே? அறையில் கயிறே கிடைக்கவில்லை.

அவள் அப்பா ஜாமீனில் எடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுக்குள் நுழையும்போது, மாதா படத்தின் முன்னால் அவளை நிறுத்தி, "நீதான் செஞ்சியாம்மா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றாள்.

அந்தப் பதில் அவரை உடைத்துவிட்டது. இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

தனேஷ் பிழைத்துக்கொண்டான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. கம்பியைக் கழற்றியதும் போலீஸ் அவனிடம் வாக்குமூலம் வாங்கியது. மோனிக்கா அடிக்கவில்லை, முன்பின் தெரியாத சில ஆண்கள் உள்ளே வந்து அடித்தார்கள் என்று அவன் சொன்னான். கேமரா பதிவைக் காட்டிக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவள்மேல் இருந்த வழக்கு நின்றுபோனது. அவளைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லிவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மோனிக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அன்று முழுவதும் அழுதாள்.

கல்லூரி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. மாணவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, சுகுமாரன் சார் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் மாடிப்படியில் ஏறிப்போனார். இஸ்மாயில் அண்ணன் மட்டும் மோட்டார் நிறுத்தும் இடம் வரைக்கும் கூடவே வந்தார்.

"இந்த இடம் சாமான் கிட்டங்கியா இருந்தப்ப என் வாப்பா இங்க மூட்டை தூக்குனாரு" என்றார். "ஏதோ காணாம போச்சுன்னு ஒருத்தன கட்டிப் போட்டு அடிச்சாங்களாம். கூட வேலை செஞ்சவங்களே. என்ன காணாம போச்சுன்னு வாப்பாகிட்ட கேட்டேன். அவருக்கே தெரியல. யாருக்குமே தெரியல. அடிச்சது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

"இத ஏன் அன்னிக்கே சொல்லலண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்ப. தனேஷ் தம்பி கூடுதலா ஒரு மைக் கேட்டிருப்பாரு."

அது உண்மைதான்.

சில வாரங்கள் கழித்து தனேஷிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. பார்க்க வேண்டும், பினாங்கு ஸ்திரீட்டில் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு மத்தியானம் வா என்று. மோனிக்கா வீட்டில் சொல்லாமல் கிளம்பினாள். படகில் நிற்கும்போது, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் சேரவில்லை.

கடையில் நல்ல கூட்டம். தட்டுகள் மோதும் சத்தம், தே தாரேக் டீ ஆற்றும் சத்தம், வெளியே பூக்கடையில் பாட்டு. தனேஷ் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். முகம் வேறு யாருடையதோபோல் ஒட்டுப்போட்டிருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். வாய் ஒரு பக்கம்தான் போனது.

அவள் உட்காரும்போதே அழுதுவிட்டாள். "எனக்காக நீ பொய் சொன்னியே தனேஷ். நான் எப்படி..."

"பொய் இல்ல" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"நீ என்ன அடிக்கவே இல்ல, மோனிக்கா." அவன் மெதுவாக, உதடு அசையாமல் பேசினான். "திரை வெளிச்சத்துல பாத்தேன். நீ முத அடியிலயே குழாய கீழ போட்டுட்ட. சுவரோரமா போய் கண்ண மூடிட்டு நின்ன. நான் கத்துனேன். உன் பேர சொல்லி சொல்லிக் கத்துனேன். உனக்குக் கேக்கல."

"அப்ப... என் கையில ரத்தம்?"

"அந்த இருட்டுலயும் எனக்கு அவங்க தெரிஞ்சாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு அதுல ஒருத்தன் குழாய எடுத்துட்டுப் போய் உன் கையில வச்சான். ரத்தத்த நல்லா தடவி விட்டான், முழங்கை வரைக்கும். கொழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி."

இத்தனை நாள் மோனிக்காவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் குளிர்ந்தது. மேசையின் மேல் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். பழைய காயங்கள் ஆறியிருந்தன. அவற்றின் மேல் புதியவை இருந்தன. சுண்டுவிரல் நகம் இல்லை. இன்று போனதுபோல் ஈரமாக இருந்தது.

"தனேஷ்... இது என்ன?"

"அவங்க நிறுத்தல."

"என்ன?"

"ஆஸ்பத்திரியிலயும் வந்தாங்க. வீட்டுக்கும் வர்றாங்க. பகல்லதான். எங்க வச்சேன்னு கேக்குறாங்க. என்னத்தன்னு கேட்டா அதுக்கும் அடிக்கிறாங்க. எங்கம்மா பக்கத்துலயே இருப்பாங்க. அம்மாவுக்கு ஒன்னும் தெரியாது. நானா விழுந்துட்டேன்னு சொல்லிர்றேன்."

"நாம யார்கிட்டயாவது சொல்லலாம். ஃபாதர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இஸ்மாயில் அண்ணன..."

அவன் தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது.

திரும்பியது அல்ல. திருப்பப்பட்டது. பட்டென்று ஒரு சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பக்கத்து மேசைக்காரர் தட்டிலிருந்து நிமிரவில்லை. தே தாரேக் ஆற்றுகிறவர் ஆற்றிக்கொண்டே இருந்தார். தனேஷின் கன்னத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரல்களின் தடம் சிவந்து எழும்பியது. தடித்த விரல்கள். மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் மேசையில் விழுந்தது.

அவன் அழவில்லை. தலையை மெல்ல நேராக்கிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்து, "சொல்லிட்டேன்ல. வந்துட்டால்ல" என்றான்.

"யார்கிட்ட பேசுற?"

அவன் அவளைப் பார்த்தான். திறந்த பாதிக் கண்ணில் நீர் தளும்பியது.

"என்னால முடியல மோனிக்கா. எத்தன நாள் தாங்குவேன்? யாருகிட்ட குடுத்தன்னு கேட்டாங்க. யாராவது ஒரு பேர சொன்னா விட்டுர்றோம்னு சொன்னாங்க."

கடையின் இரைச்சல் முழுவதும் ஒரே வெட்டில் அறுந்துபோனது. அவளுக்குத் தன் இதயத் துடிப்பு மட்டும் கேட்டது.

"தனேஷ்."

"நேத்து உன் பேர சொல்லிட்டேன்."

அவன் எழுந்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான், அடி விழுமா என்று காத்திருப்பவன்போல். விழவில்லை. அவன் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அந்த முகத்தில் ஓர் ஆறுதல் பரவியதை அவள் பார்த்தாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. வேகமாக, திரும்பிப் பார்க்காமல், வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மோனிக்கா அசையவில்லை. எதிரில் அவன் விட்டுப்போன தே தாரேக்கின் நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

அவள் பிடரியில் ஒரு கை வந்து படிந்தது.

சொரசொரப்பான உள்ளங்கை. சூடானது. அவசரம் இல்லாதது.

அது அவளை எழுந்திருக்கச் சொல்லி, லேசாக ஒருமுறை தட்டியது.